துபாஷி வழியே போன துணி

ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணி மலையடிவாரத்துக் கடைத்தெருவில் நின்றால், ஒரே கடைக்காரர் ஒரே மூச்சில் இரண்டு மொழிகளில் விலை சொல்வதைக் கேட்கலாம். காவடியோடு வந்த ஆற்காட்டுக்காரருக்குத் தமிழில் ஒரு விலை. நகரியிலிருந்து வந்த குடும்பத்துக்குத் தெலுங்கில் ஒரு விலை. இரண்டும் ஒன்றேதானா என்பது முருகனுக்கே வெளிச்சம். பூக்காரி, மொட்டையடிப்பவர், ஆட்டோக்காரர் என்று அந்தத் தெருவில் பிழைக்கும் எல்லோருக்கும் இரண்டு பாஷையும் தெரியும். தெரியாதவருக்கு அங்கே வியாபாரம் இல்லை.

இந்தத் திறமையை ஊரார் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் சந்திரகிரி மலைக்கும் பழவேற்காட்டுக் கடலுக்கும் நடுவே கிடக்கும் இந்த எல்லை நாட்டில், இருநூறு வருஷங்களுக்கு மேலாக ஒரு பெரிய ஏற்றுமதி வணிகமே இதே திறமையின்மேல்தான் நின்றது. இங்கே நெய்த துணி ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் போனது. அதை அனுப்பிய கம்பெனிகளின் பெயர்கள் பள்ளிப் பாடத்தில் இருக்கின்றன. வாங்கியவர் பேச்சை விற்றவருக்கும் விற்றவர் பேச்சை வாங்கியவருக்கும் கொண்டுபோன துபாஷிகளின் பெயர்கள் சென்னையின் சில தெருப் பலகைகளில் மட்டும் மிச்சம்.

கடல் வணிகத்துக்கு மொழிபெயர்ப்பு தேவை என்பது ஐரோப்பியர் வந்து சொல்லித்தந்த சங்கதி இல்லை. சுமத்ராவின் பாரூஸில் 1088-ஆம் ஆண்டு தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் தமிழிலேயே கல்வெட்டு வைத்தார்கள். சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு எழுந்தது. இலங்கையின் காலியில் 1911-இல் கிடைத்த கல் இன்னும் சுவாரசியமானது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ 1409 தேதியிட்டுக் கொண்டுவந்த அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள். மூன்றிலும் ஒரே விஷயம் இல்லை என்பதுதான் வேடிக்கை: சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனார் என்ற விஷ்ணுவுக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் மரபுக்கு. துறைமுகத்தில் யார் யார் சரக்கு வைத்திருக்கிறார்களோ அவரவர் சாமிக்கு அவரவர் மொழியில் மரியாதை. புதிய சந்தைக்குள் நுழையும் இன்றைய நிறுவனங்கள் பெரும் பணம் கொடுத்துச் செய்துகொள்ளும் வேலையை மிங் பேரரசின் எழுத்தர்கள் அன்றே கருங்கல்லில் முடித்துவிட்டார்கள்.

திருத்தணி இன்று திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி. அதே மாவட்டத்தின் கிழக்கு முனையில், ஏரியும் கடலும் சேரும் இடத்தில் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1610-இல் இங்கே வணிக உரிமை பெற்றார்கள். 1612-இல் போர்த்துக்கீசியர் வந்து அவர்களுடைய இருப்பிடத்தைத் தாக்கினார்கள்; மறுவருஷமே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. டச்சு அதிகாரி ஹென்ட்ரிக் பிரௌவர் 1612-இல் எழுதியபோது, சோழமண்டலக் கரையை மொலுக்கா தீவுகளின் இடது கை என்றார். காரணம் எளிது. கிராம்பும் ஜாதிக்காயும் விளையும் தீவுகளில் வெள்ளிக் காசைவிட இந்தக் கரையின் துணிக்குத்தான் மவுசு. துணி கொடுத்தால் வாசனைப் பொருள். துணி இல்லாவிட்டால் கப்பல் காலியாகத் திரும்ப வேண்டியதுதான்.

ஆனால் அந்தத் துணியை வாங்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஜாவாவில் ஒரு கட்டம் பிடிக்கும். சுமத்ராவில் அது பிடிக்காது. சிவப்பு கொஞ்சம் மங்கினாலும் ஒரு தீவில் எடுக்க மாட்டார்கள். அகலம் நாலு விரல் குறைந்தால் உடுத்துகிற முறைக்கே பொருந்தாது. இந்தத் தேவை முதலில் ஜாவாவின் பட்டாவியாவில் டச்சு மொழியில் கடிதமாகும். கூடவே மாதிரித் துண்டுகளும் வரும். பழவேற்காட்டில் இறங்கிய கடிதம், அன்று கரை முழுவதும் வணிகப் பேச்சாக இருந்த போர்த்துக்கீசியத்துக்கு மாறும். துபாஷி அதைத் தெலுங்கிலோ தமிழிலோ பெரிய வியாபாரிக்குச் சொல்வார். வியாபாரி தம் தரகருக்கு, தரகர் நெசவூரில் தலைக்கட்டுக்காரருக்கு, அவர் தறிக்காரருக்கு. சாயவேர் போட்டுச் சிவப்பு ஏற்றும் சாயக்காரருக்குத் தனியாக ஒரு சேதி போக வேண்டும்.

வழி நெடுகிலும் அளவுகள் மாறும். ஐரோப்பியர் எல் என்றும் யார்டு என்றும் கேட்பதைத் தறியில் முழமாக்க வேண்டும். துணியின் நெருக்கத்தைக் கரை நாட்டு நெசவில் புஞ்சக் கணக்கில் சொல்வார்கள். ஒரு புஞ்சம் என்றால் பாவில் 120 இழை. புஞ்சம் கூடினால் துணி நயம், விலையும் கூடும். பேல் கட்டும்போது கணக்கு இருபது இருபது துண்டுகளாக மாறும். இதோடு காசும் சேர்ந்துகொள்ளும்: வராகன், பணம், காசு, ரியால் எல்லாம் ஒரே கணக்கேட்டில். இவற்றில் ஏதாவது ஒன்றில் துபாஷி தடுமாறினாலும் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும், அதுவும் ஒரு தீவுத் துறைமுகத்தில், விற்காத மூட்டையாக.

ஆகவே பேச்சைத் திருப்பிச் சொல்வது அவருடைய வேலையில் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு பணமும் நம்பிக்கையும். கம்பெனி முன்பணம் கொடுத்தால்தான் நெசவாளர் நூல் வாங்க முடியும். முன்பணத்தைக் கொடுத்துவிட்டுத் துணி வராமல் போனால் யாரைப் பிடிப்பது? துபாஷியையும் அவர் கைகாட்டிய வியாபாரியையும்தான். அந்த ஆபத்துக்கு ஈடாக இரண்டு பக்கமும் தரகு பெற்றார். இதை லஞ்சம் என்று பிற்காலத்து வெள்ளைக்காரர்கள் ஏசினார்கள். கம்பெனிச் சம்பளத்தை மட்டும் நம்பி எந்த வெள்ளைக்காரரும் சென்னைக்குக் கப்பலேறவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஏச்சின் கனம் குறைந்துவிடும்.

பழவேற்காட்டில் துணியோடு வேறொன்றும் கப்பலேறியது. அங்கே 1630-களில் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரொகேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் இந்நாட்டுச் சமயத்தைக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது போர்த்துக்கீசியம். பத்மநாபன் பர்த்ருஹரியின் சமஸ்கிருதச் செய்யுள்களை அதில் சொல்ல, ரொகேரியுஸ் டச்சில் எழுதிக்கொண்டார். அவர் இறந்தபின் 1651-இல் லெய்டன் நகரில் அது நூலாக அச்சேறியது. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழியில் வந்த முதல் மொழிபெயர்ப்பு என்று அதைத்தான் சொல்கிறார்கள். துணி வாங்க வந்த கோட்டையில், சந்தைப் பேச்சாகக் கற்றுக்கொண்ட மூன்றாம் மொழி வழியாக வைராக்கிய சதகம் ஐரோப்பா போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆங்கிலேயர் இந்த ஆட்டத்தில் பிந்தி வந்தவர்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர் இடம் கொடுக்காததால் வடக்கே துர்க்கராஜப்பட்டினத்தில் 1626-இல் கடை போட்டார்கள். அந்த இடத்தை அவர்கள் ஆர்மகான் என்று அழைத்தார்கள். உதவி செய்த ஆறுமுக முதலியாரின் பெயர்தான் அப்படித் தேய்ந்தது என்று சொல்வதுண்டு. அங்கே நல்ல துணி கிடைக்கவில்லை. பிரான்சிஸ் டே தெற்கே தேடிக்கொண்டு வந்து, 1639-இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் சென்னைக்கான உரிமையைப் பெற்றார். நாயக்கர் குடும்பம் தெலுங்கு. மேலே இருந்த விஜயநகர ராயர் தெலுங்கு. சுற்றியிருந்த கிராமங்கள் தமிழ். டேவுக்கு இரண்டும் தெரியாது. பேரி திம்மண்ணா என்ற வணிகர்தான் அவருக்கு நாக்காக இருந்தார் என்பது சென்னையின் நெடுநாள் வழக்கு.

அந்தப் பேச்சில் எங்கோ ஒரு பிசகு நேர்ந்தது. கோட்டையை நாயக்கர் தம் செலவில் கட்டித்தருவார் என்று ஆங்கிலேயர் எண்ணிக்கொண்டு வந்தார்கள். 1640-இல் ஆட்களோடு வந்து இறங்கியபிறகு பார்த்தால், செங்கலுக்கும் சுண்ணாம்புக்கும் பணம் கம்பெனி தலையில். லண்டனில் இருந்த முதலாளிகள் அந்தச் செலவுக் கணக்கைப் பார்த்துப் பல வருஷங்கள் முணுமுணுத்தார்கள்.

திம்மண்ணா நட்டப்படவில்லை. கோட்டையின் பக்கத்திலேயே எழுந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலுக்கு 1640-களில் மானியம் விடும் அளவுக்கு வளர்ந்தார். அவருக்குப் பின் காசி வீரண்ணா கம்பெனியின் தலைமை வியாபாரியாகி, 1680-இல் இறக்கும் வரை சென்னைத் துணி ஏற்றுமதியைப் பெரும்பாலும் தம் கையில் வைத்திருந்தார். உள்ளூர் வியாபாரிகள் பங்கு போட்டுச் சேர்ந்து கம்பெனிக்குத் துணி தரும் கூட்டு முறை அவர் காலத்தில்தான் வேரூன்றியது.

இந்தத் தொழிலில் எவ்வளவு உயரம் உண்டோ அவ்வளவு பள்ளமும் உண்டு. அதற்கு நைனியப்பப் பிள்ளையின் கதை சாட்சி. சென்னைப் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்குப் போன அவர் 1708-இல் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகரானார். நெசவாளர், வியாபாரி, நாட்டு அரசர் எல்லோரோடும் பிரெஞ்சுக்காரருக்கு இருந்த பேச்சு அவர் வழியாகவே நடந்தது. ஆளுநர் ஏபேருக்கும் அவருக்கும் இடையே பகை மூண்டது. கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் அந்தப் பதவியில் இருப்பதை ஏசு சபையாரும் விரும்பவில்லை. 1716-இல் வழக்கு. சாட்சிகள் தமிழில் சொன்னார்கள், அது போர்த்துக்கீசியத்துக்குப் போனது, அங்கிருந்து பிரெஞ்சுக்கு. தங்களால் படிக்க முடியாத பிரெஞ்சுக் காகிதத்தில் சாட்சிகள் கையெழுத்து வைத்தார்கள் என்று பின்னால் குற்றச்சாட்டு எழுந்தது. வாழ்நாளெல்லாம் பிறர் பேச்சை மொழிமாற்றிப் பிழைத்தவரின் தலையெழுத்தை மற்றவர்களின் மொழிமாற்றம் தீர்மானித்தது. கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல். 1717-இல் சிறையிலேயே இறந்தார்.

அவர் மகன் குருவப்பா அழுதுகொண்டு உட்காரவில்லை. பிரான்சுக்குக் கப்பலேறி, பாரிஸில் நியாயம் கேட்டார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, செயின்ட் மைக்கேல் வரிசையில் செவாலியே பட்டமும் வாங்கினார். தீர்ப்பு 1720-இல் மாற்றப்பட்டது. தகப்பன் இழந்த பதவி மகனுக்குத் திரும்பியது. கம்பெனியின் தயவில் வாழ்ந்த ஒரு தமிழ்த் தரகர் குடும்பம், கம்பெனியின் ஆளுநரையே அவர் நாட்டுக்குப் போய் வென்று வந்தது அந்தக் காலத்துக்குச் சின்ன விஷயம் இல்லை.

நைனியப்பரின் உறவில் வந்தவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் பெரம்பூரில் பிறந்து, சிறுவயதிலேயே புதுச்சேரிக்குப் போனவர். 1747-இல் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியானார். பாக்குக் கிடங்கில் உட்கார்ந்து அவர் பார்த்த வியாபாரமும் கேட்ட வதந்திகளும் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பாகத் தமிழில் எழுதப்பட்டன. துணி வந்ததா, தேறியதா, கழிபட்டதா, எந்தக் கப்பல் எப்போது வந்தது, யார் யாருக்கு எவ்வளவு நசர் கொடுத்தார் என்பதெல்லாம் அதில் உண்டு. பிள்ளைக்குச் சொந்தமாக ஆனந்தப்புரவி என்ற கப்பலே இருந்தது. மொழிபெயர்த்துச் சம்பாதித்தவர் தாமே ஏற்றுமதியாளராகிவிட்டார். புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாட்கள் முன்பு, 1761 ஜனவரியில் அவர் இறந்தார். பிற்காலத்தில் ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்த அந்த நாட்குறிப்பு இல்லாவிட்டால் பதினெட்டாம் நூற்றாண்டுக் கரை நாட்டைப் பற்றி நமக்குக் கிடைப்பது கம்பெனி அதிகாரிகள் தங்களைத் தாங்களே புகழ்ந்து எழுதிய கடிதங்கள் மட்டும்தான்.

சென்னையின் துபாஷிகள் நாட்குறிப்பு எழுதவில்லை. கோயில் கட்டினார்கள், புலவர்களை வைத்துக் காத்தார்கள். திருத்தணிக்கு இந்தத் தொழிலோடு உள்ள நேர் உறவு இங்கேதான் வருகிறது.

ஆளுநர் பிகட்டின் துபாஷி மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். கோட்டையின் பாதுகாப்புக்காகப் பழைய சென்னகேசவப் பெருமாள் கோயில் 1757-இல் இடிக்கப்பட்டபோது, பூக்கடைப் பக்கம் அதைத் திரும்பக் கட்டுவதற்கு முன்னின்று பணம் போட்டவர். இராம நாடகக் கீர்த்தனை பாடிய சீர்காழி அருணாசலக் கவிராயரின் புரவலரும் அவரே. திருவாரூர் இராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்துவந்ததும் அவரே. அவருக்குப் பின் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் கம்பெனியோடு தொடர்புள்ள துபாஷி. அவருக்குச் சின்னையா முதலியார் என்றும் பெயர். அவர் தீட்சிதர் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போய் வெள்ளைக்காரரின் பேண்டு வாத்தியம் கேட்க வைத்தார் என்பது சங்கீத உலகில் எல்லோரும் சொல்வது. இராமசாமி தீட்சிதரின் மூத்த மகன் முத்துசாமி அப்படிக் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். நோட்டு ஸ்வரங்கள் என்று இன்றும் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் பாடல்கள் அவை. ஆங்கில ராஜ வாழ்த்தின் மெட்டுகூட அவற்றில் உண்டு. தம்பி பாலுசாமி மேல்நாட்டு ஃபிடிலைக் கற்றுக்கொண்டு அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார்.

துபாஷி வீட்டு நிழலில் வளர்ந்த முத்துசாமி, காசியில் குருவோடு சில வருஷங்கள் இருந்துவிட்டு மணலிக்குத் திரும்பினார். பிறகு போன இடம் திருத்தணி. மலைப்படியில் ஒரு முதியவர் வாயில் கற்கண்டு போட்டதாகவும், வாய் திறந்தபோது முதல் கிருதி பிறந்ததாகவும் கதை. ஸ்ரீநாதாதி குருகுஹோ என்று தொடங்கும் மாயாமாளவகௌளைக் கிருதியே அது. குருகுஹ என்ற முத்திரை அவர் பாடல்களில் நிலைத்தது அந்த ஊரிலிருந்துதான். கற்கண்டை நம்புகிறவர் நம்பலாம். மணலிக் குடும்பத்தின் துணிக் காசும் தரகுக் காசும் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் கோட்டை வாத்தியத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதை மறுக்க முடியாது.

பச்சையப்ப முதலியாரையும் இந்த வரிசையில் விட முடியாது. 1754-இல் பிறந்து, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துப் பெரியபாளையத்தில் இளமையைக் கழித்து, பௌனி நாராயண பிள்ளை என்ற துபாஷியிடம் தொழில் பழகியவர். 1794-இல் இறக்கும்போது தர்மத்துக்கு அவர் எழுதிவைத்தது ஒரு லட்சம் வராகன். உயில் பல வருஷம் வழக்கில் கிடந்து, கடைசியில் அதன் மிச்சத்திலிருந்து 1842-இல் பள்ளிக்கூடம் பிறந்தது.

எல்லாத் துபாஷிகளும் தர்மப் பிரபுக்கள் இல்லை. ஆளுநர் ஹாலண்டின் துபாஷியான அவதானம் பாப்பையா, கம்பெனி அதிகாரி ஒருவரைச் சதி செய்து மாட்டிவிட்டார் என்று 1792-இல் தண்டனை பெற்றார். அந்த வழக்கின் புகழ் ஸ்காட்லாந்து வரை போய், வால்டர் ஸ்காட்டின் 1827-ஆம் ஆண்டு நாவல் ஒன்றில் பாப்பையா வில்லன்களில் ஒருவராக வந்துவிட்டார். சூளையில் அவர் பெயரில் இன்னும் தெரு இருக்கிறது. அவரை ஆட்டுவித்த ஹாலண்ட் கப்பலேறிப் போய்விட்டார்.

இந்த அவப்பெயரும் கம்பெனியின் மன மாற்றத்துக்கு ஒரு காரணம். நாடு கையில் வந்தபிறகு, வரி வாங்கவும் நீதி சொல்லவும் துபாஷியை நம்பி இருக்க முடியாது என்று கருதினார்கள். 1812-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி வந்தது. புதிதாக வந்த இளம் அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் கற்றுத் தேற வேண்டும். அதை நடத்திய எல்லிஸ், பட்டாபிராம சாஸ்திரி போன்ற பண்டிதர்களோடு உட்கார்ந்து இரு மொழிகளின் வேர்களையும் ஒப்பிட்டார். 1816-இல் காம்பெலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரையில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்று நிறுவினார். கால்டுவெல்லின் நூலுக்கு நாற்பது வருஷம் முன்பு இது. துபாஷிகளைக் கழற்றிவிட எடுத்த முயற்சி மொழியியலில் இப்படி ஒரு பலன் கொடுத்தது.

துணி வணிகமும் அதற்குள் சரிந்துகொண்டிருந்தது. மான்செஸ்டர் ஆலைத் துணி வந்து இறங்க, 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு கம்பெனி வணிகத்தையே விட்டது. துபாஷியின் பெரிய காலம் முடிந்தது. வெள்ளைக்கார வியாபார வீடுகளில் தரகராக இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் மட்டும் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

நெசவு அழியவில்லை. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று திருத்தணியைச் சுற்றிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர் என்றும் தறி ஓசை தொடர்ந்தது. கட்டம் போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணி மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் கலபாரி மக்களிடம் சடங்குத் துணியாகவே நிலைத்தது. பிறப்பிலும் சாவிலும் அதை உடுத்துகிறார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் இஞ்சிரி.

அதே மெட்ராஸ் துணி 1958-இல் அமெரிக்காவில் மாட்டிக்கொண்டது, மொழிபெயர்ப்பு விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம். கைத்தறி ஏற்றுமதியாளரும் பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவியவருமான சி.பி. கிருஷ்ணன் நாயர் சொல்லி வந்த கதை இது. இயற்கைச் சாயம் போட்ட சென்னைத் துணியை ஓர் அமெரிக்க இறக்குமதியாளர் வாங்கி, நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். சாயம் விடும், தண்ணீரில் தனியாக மெல்ல அலச வேண்டும் என்று இங்கே சொல்லி அனுப்பிய எச்சரிக்கை சட்டை வாங்கியவரிடம் போய்ச் சேரவில்லை. சலவை இயந்திரத்தில் போட்டவர்களின் சட்டையெல்லாம் கலங்கியது. வழக்குப் போடுவோம் என்ற மிரட்டலுக்கு நடுவே விளம்பரக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: சாயம் விடுவதுதான் இந்தத் துணியின் அழகு, ஒவ்வொரு சலவையிலும் புது நிறம் என்று எழுதினார்கள். குறை பெருமையாகிவிட்டது, துணி பறந்தது. முந்நூறு வருஷம் முன்பு பழவேற்காட்டுத் துபாஷி ஒருவர் கேட்டிருந்தால், அந்தக் கையாள்கையை மெச்சியிருப்பார்.

அந்த விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த வருஷங்களில் திருத்தணியில் மொழி வேறு வகையில் எரிந்தது. கார்வேட்டிநகர் ஜமீனில் கிடந்த ஊர், முதலில் வட ஆற்காட்டிலும் 1911 முதல் சித்தூர் மாவட்டத்திலும் இருந்தது. மொழிவாரி மாநிலம் வந்ததும் ஆந்திரத்தில் சேர்ந்துவிட்டது. ம.பொ. சிவஞானமும் உள்ளூரில் மங்கலங்கிழாரும் கே. விநாயகமும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் முடிவில் நடுவராகப் படாஸ்கர் வந்து, கிராமத்தை அலகாக வைத்து எந்த ஊரில் எந்த மொழி அதிகம் என்று எண்ணினார். இரண்டு மொழியையும் ஒரே வீட்டில் பேசுகிறவர்கள் நிறைந்த பகுதியில் அது எண்ணக் கஷ்டமான கணக்கு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. திருத்தணியை ஒட்டிப் பிறந்து, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு, வேலூரிலும் சென்னையிலும் படித்து, 1936 முதல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இந்திய தத்துவத்தை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்ன ராதாகிருஷ்ணன் அப்போது குடியரசுத் துணைத் தலைவர்.

கொடுத்துவிட்ட அந்தச் சத்தியவேடு மண்ணில்தான் இன்று ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தின் ஒரு பகுதி நிற்கிறது. ஜப்பானின் இசுசு 2016-இல் அங்கே வண்டி ஆலை திறந்தது. தெற்கே இருங்காட்டுக்கோட்டையில் 1990-களிலேயே கொரியாவின் ஹூண்டாய் வந்துவிட்டது. சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் ஜப்பானிய மொழி கற்பிக்கிறது. 2006-இல் தொடங்கிய இன்கோ மையம் கொரிய மொழி. ஆலைத் தளத்தில் ஜப்பானியப் பொறியாளர் இயந்திரத்தைக் காட்டிச் சொல்வதை ஆங்கிலமும் தமிழும் தெலுங்கும் கலந்து ஊழியருக்குக் கொண்டுசேர்க்கிற இளைஞருக்கு நிறுவனம் மொழிபெயர்ப்பாளர் என்று பதவி கொடுக்கிறது. வேலை நாளில் பாதி நேரம் அவர் செய்வது சமாதானம்: அவர் கோபப்படவில்லை, அப்படித்தான் பேசுவார் என்று இந்தப் பக்கம், இவர் சரி என்று தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று பொருள் இல்லை என்று அந்தப் பக்கம்.

கையேடுகளையும் பெட்டி ஒட்டுச்சீட்டுகளையும் இப்போது பெரும்பாலும் கணினி மொழிபெயர்க்கிறது. ஓர் ஆள் பார்த்துத் திருத்துகிறார். ஒப்பந்தப் பேச்சுக்கு மட்டும் இன்னும் ஆளையே கூப்பிடுகிறார்கள். அந்த ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கங்களில் வழக்கமாக ஒரு விதி இருக்கும்: இரண்டு மொழிப் பிரதிகளுக்குள் முரண்பாடு வந்தால் இன்ன மொழிப் பிரதியே செல்லும். பிரான்சிஸ் டே கையில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால், நாயக்கர் செங்கலுக்குப் பணம் கொடுத்திருப்பாரோ என்னவோ.